சொன்னால்தான் எழுந்திருப்பார்கள்

சத்துவாச்சாரி,
2 மார்ச் 2025

அன்புள்ள தௌசீப் பாய்க்கு,

அம்பிகா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். கான்பூரில் குளிர் விட்டதா? சுகரா அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை என்று போனில் சொன்னார்கள், சந்தோஷம்.

ஒரு போன் போட்டால் தீரும் விஷயத்துக்குக் கடிதமா என்று சிரிப்பீர்கள். போனில் நீங்கள்தான் பேசுவீர்கள். நான் "சரி பாய், சரி பாய்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வைத்த பிறகுதான் கேட்க நினைத்தது ஞாபகத்துக்கு வரும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் நம் படையைப் பற்றித்தான். ஆம்பூர் தோல் கம்பெனியில் கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்றுகொண்டு நீங்கள் அதை ஆரம்பித்தபோது என்ன சொன்னீர்கள்? 1806-ல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்ததை வருஷா வருஷம் ஜூலை பத்தாம் தேதி நடித்துக் காட்டப்போகிறோம், மொத்தத்தில் ஒரு நாள் வேலை என்றீர்கள். அந்த ஒரு நாள் வேலை இப்போதெல்லாம் பொங்கல் முடிந்ததுமே ஆரம்பித்துவிடுகிறது. மைதானத்துக்கு ஒரு மனு, போலீசுக்கு ஒரு மனு, தலைப்பாகைகளைத் துவைக்கப் போடுவது, மரத்துப்பாக்கிகளில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வராதவர்களை வீடு தேடிப் போய்க் கூப்பிடுவது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொன்னவர் நம் ஆட்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளைக்காரனாக நடிக்க இந்த வருஷமும் ஆள் கம்மி. சாகிற வேஷத்துக்கு மட்டும் போட்டி ஜாஸ்தி.

நீங்கள் கான்பூர் கம்பெனிக்குப் போன அன்று காட்பாடி ஸ்டேஷனில் படைச் சாமான் பீரோ சாவியை என் கையில் கொடுத்து, "ஒரு வருஷம் பாத்துக்கோமா, வந்து வாங்கிக்கிறேன்" என்றீர்கள். வருகிற ஜூலை நாலாவது ஜூலை. எனக்கு முடியவில்லை பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் போனைக் கையில் எடுக்கவே பயமாக இருக்கிறது. படை வாட்ஸ்அப்பில் ராத்திரி முழுக்க யாராவது யாரையாவது கோபித்துக்கொண்டிருப்பார்கள், விடிந்ததும் நான் சமாதானம் செய்ய வேண்டும்.

கேட்க வந்தது ஒன்றுதான். திரும்பி வந்து படையை வாங்கிக்கொள்வீர்களா, மாட்டீர்களா? வருவேன் என்றால் பொறுத்துக்கொள்கிறேன். மாட்டேன் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். வருத்தப்பட மாட்டேன், வேறு வழி பார்ப்பேன்.

இப்படிக்கு,
அம்பிகா


கான்பூர்,
19 மார்ச் 2025

அன்புத் தங்கை அம்பிகாவுக்கு,

தௌசீப்பின் சலாம். ராஜேஷ் தம்பிக்கும் பையனுக்கும் என் அன்பைச் சொல். உன் கடிதத்தைப் பிரித்ததும் பயந்துவிட்டேன், யாருக்கு என்ன ஆச்சோ என்று. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சுகராவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. பெண்கள் பெண்கள் பக்கம்தானே பேசுவீர்கள்.

அம்மா, நீ எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள். உன்னை விட்டால் அந்தப் படையைக் கட்டி மேய்க்க வேலூர் ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. அதனால்தான் சாவியை உன்னிடம் கொடுத்தேன். கொஞ்சம் பேஜாராக இருந்தால் இரண்டு ஞாயிறு பயிற்சியை விட்டுவிடு, சரியாகிவிடும். வெள்ளைக்காரத் தளபதியாக என் சித்தப்பா பையன் காஷிஃபையே போடு, அவன் நிறமாக இருக்கிறான். சிவப்புக் கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான் போன வருஷ வீடியோவில் பிளாஸ்டிக் மாதிரி பளபளத்தது, அதைக் கவனி.

முக்கியமாக, விழுந்தவர்கள் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. முதல் வருஷம் ஞாபகம் இருக்கிறதா? செத்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து மிச்சச் சண்டையை வேடிக்கை பார்த்தார்கள், ஜனம் கைகொட்டிச் சிரித்தது. அன்றைக்குப் போட்டேன் அந்தச் சட்டத்தை. எறும்பு கடித்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, தலைவர் மைதானத்தின் நடுவில் வந்து நின்று "எழுந்திரிங்க" என்று சொல்கிறவரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது. நம் படைக்கு மரியாதை வந்ததே அதற்கப்புறம்தான்.

திரும்பி வருவதைக் கேட்டிருந்தாய். வராமல் எங்கே போய்விடப் போகிறேன்? ஆம்பூர்க்காரன் ஆம்பூருக்குத்தானே வர வேண்டும். இந்த வருஷ ஆர்டர் முடியட்டும். இந்த ஒரு ஜூலையை மட்டும் தள்ளிவிடு.

உன் அண்ணன்,
தௌசீப் அகமது


சத்துவாச்சாரி,
9 ஜூன் 2025

அன்புள்ள பாய்க்கு,

நலம். போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் நிஜமாகவே கலகம் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொப்பியின் முன்னால் வைக்கிற தோல் பட்டைகள் எல்லாம் பீரோவில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. புதிதாக வெட்ட வேண்டும். வழக்கமாக ஆட்டுத் தோல்தான், நீங்கள் வைத்த வழக்கம். காஷிஃப் தெரிந்த கடையிலிருந்து துண்டுத் தோல் ஒரு மூட்டை வாங்கி வந்தார். வெட்டி, தைத்து, எல்லாரும் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற பிறகு ஒருத்தர் தொப்பியைக் கழற்றிப் பார்த்து, மயிர்த்துளை மூன்று மூன்றாக இருக்கிறதே என்றார். நானும் வாங்கிப் பார்த்தேன். பன்றித் தோல் லைனிங்தான். மூட்டையில் எப்படியோ கலந்துவிட்டிருக்கிறது.

பாதிப் பேர் தொப்பியைத் தரையில் வைத்துவிட்டார்கள். அப்படியென்றால் மிச்சம் இருப்பது மாட்டுத் தோலா என்று நம் பூவரசன் அண்ணன் கேட்டார். மீதிப் பாதியும் தொப்பியைக் கழற்றியது. எல்லாரும் தோலில் பிழைக்கிறவர்கள்தான், ஆனால் தலையில் ஏற்றுவது வேறு விஷயம். அதில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். இந்தத் தோல் பட்டையை வைக்கச் சொன்னதற்காகத்தானே அன்றைக்குச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். காஷிஃப் வெள்ளைக்காரத் தளபதியின் சிவப்புக் கோட்டோடு நடுவில் நின்றுகொண்டு, எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று கெஞ்சினார். யாரும் அவர் பேச்சைக் கேட்கும் நிலையில் இல்லை.

சாயங்காலம் வரை ஒவ்வொருத்தராகப் பேசி அனுப்பினேன். ரெக்ஸினில் வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். 1806-ல் ரெக்ஸின் ஏது என்று அதற்கும் ஒருத்தர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீ சாப்பிட்டாயா என்று அத்தனை பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை. சின்ன விஷயம்தான், ஆனால் பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச்சில் நான் கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுதவில்லை பாய்.

அம்பிகா


கான்பூர்,
21 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

அடடா, நான் அங்கே இல்லாமல் போனேனே! தோல் கலகத்தைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. சரித்திரம் என்றால் இது சரித்திரம். இதை அப்படியே நாடகத்தில் சேர்த்துவிடு. தொப்பியைத் தரையில் வைக்கிற இடத்தில் முரசு நிற்க வேண்டும், ஒரு சத்தம் இருக்கக் கூடாது. காஷிஃபிடமும் சொல்லியிருக்கிறேன். ரெக்ஸின் வேண்டாம், ஆட்டுத் தோல் நான் கூரியரில் அனுப்புகிறேன்.

ஷிப்மென்ட் நெருக்கடி, அதனால் ஜூலை பத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. வீடியோ அனுப்பச் சொல். வெய்யிலில் ஜாக்கிரதை.

தௌசீப்


கான்பூர்,
13 ஜூலை 2025

அம்பிகாவுக்கு,

காஷிஃப் போன் செய்தான். நான் நம்பவில்லை. நீயா? ஆட்களை மைதானத்தில் கிடத்திவிட்டு நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டாய் என்கிறான். பூவரசன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்கிறான்.

உனக்குக் கோபம் இருந்தால் என்மேல் காட்டியிருக்கலாம். விழுந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? தலைவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த மரியாதையை ஒரு மத்தியானத்தில் காற்றில் விட்டாய். ஏன் என்று எழுது. போனில் உன்னோடு பேச எனக்கு மனசு இல்லை.

தௌசீப் அகமது


சத்துவாச்சாரி,
27 ஜூலை 2025

அன்புள்ள பாய்க்கு,

பூவரசன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை உடம்பு, வெய்யில் தாங்கவில்லை, டிரிப்ஸ் ஏற்றினார்கள். தினமும் போய்ப் பார்த்தேன்.

ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்குக் காலையில் மைதானத்துக்குள் கால் வைத்ததிலிருந்து சொல்கிறேன். மைக்செட்காரர் வரவில்லை. சிறப்பு விருந்தினர் இரண்டு பேருக்கு ஒரே நாற்காலி. காஷிஃப் ஏறி வர வேண்டிய குதிரை கல்யாண ஊர்வலத்துக்குப் பழகிய குதிரை, பேண்டு வாசித்தால்தான் நடக்கும் என்று குதிரைக்காரர் அப்போதுதான் சொல்கிறார். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரப் படை பேண்டு வாத்தியத்தோடு வந்ததாக எந்தப் புஸ்தகத்திலும் இல்லை என்று ஒருத்தர் என்னிடம் சண்டை. தண்ணீர் கேன் எங்கே அக்கா, என் துப்பாக்கியை யார் எடுத்தது மேடம், நான் எந்தப் பக்கம் விழ வேண்டும் அம்பிகா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

நாடகம் நன்றாகவே நடந்தது. தொப்பியைத் தரையில் வைத்த இடத்தில் முரசு நின்றது, நீங்கள் சொன்ன மாதிரியே. கடைசியில் பீரங்கி வெடித்தது, எல்லாரும் விழுந்தார்கள். நான் நடுவில் போய் நிற்க வேண்டும். போய் நின்றேன்.

அத்தனை பேரும் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். காலையிலிருந்து என்னைக் கூப்பிட்ட வாய் எல்லாம் மூடியிருந்தது. ஒருத்தரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது அவ்வளவு நன்றாக இருந்தது பாய். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் என்று நின்றேன். அப்புறம் திரும்பி நடந்தேன். கேட்டைத் தாண்டி, ஷேர் ஆட்டோ பிடித்து, வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டேன். மயக்கமாக வந்தது, மறந்துவிட்டேன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்கிறேன், மறக்கவில்லை.

ஜனங்கள் அது நாடகத்தின் முடிவு என்று நினைத்துக்கொண்டார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்களாம். சத்தம் போடாமல் கலைந்து போனார்களாம். மறுநாள் பேப்பரில் உருக்கமான அஞ்சலி என்று போட்டிருந்தது. மைதானம் காலியான பிறகும் நம் ஆட்கள் படுத்தே இருந்திருக்கிறார்கள். அதில் பூவரசன் அண்ணன் மயங்கியது யாருக்குத் தெரியும்? செத்த வேஷக்காரர் அசையாமல் கிடக்கிறார் என்றால் நன்றாக நடிக்கிறார் என்றுதானே நினைப்பார்கள். பக்கத்தில் விழுந்து கிடந்த மெஹக்தான் அவர் மூச்சு சரியில்லை என்று கவனித்து எழுந்து கத்தியிருக்கிறாள். மெஹக்கை உங்களுக்குத் தெரியாது, பேர்ணாம்பட்டில் ஸ்கூல் டீச்சர், போன வருஷம் சேர்ந்த பெண். உங்கள் சட்டத்தை முதன்முதலில் மீறியது அவள்தான். அதற்கும் இரண்டு பேர் அவளை முறைத்தார்களாம்.

ஆஸ்பத்திரியில் பூவரசன் அண்ணனிடம், முடியவில்லை என்றால் எழுந்து போயிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நீ சொல்லலியேமா. சொல்லாம எப்டி எழுந்திரிக்கிறது?" என்றார். என்மேல் கோபமே இல்லை அவருக்கு. திட்டியிருந்தால் தேவலை. ஒரு மனுஷர் என் வாயைப் பார்த்துக்கொண்டு வெய்யிலில் சாகக் கிடப்பார் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அவருக்கு நேர்ந்ததற்கு நான்தான் பொறுப்பு, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இதை இனிமேல் என்னால் செய்ய முடியாது. உங்களுக்காகத்தான் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். வருகிறீர்களா?

அம்பிகா


கான்பூர்,
18 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை அம்பிகாவுக்கு,

கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆனைக்கும் அடி சறுக்கும். பூவரசனிடம் பேசினேன். அடுத்த வருஷமும் நான்தான் முதலில் விழுவேன் என்கிறார்.

நான் யோசித்து ஒரு வழி வைத்திருக்கிறேன். நீ மைதானத்து வேலையை மட்டும் பார். மற்றதை நான் இங்கிருந்தே வீடியோ காலில் பார்த்துக்கொள்கிறேன். எழுந்திருக்கச் சொல்வதைக்கூட நானே ஸ்பீக்கரில் சொல்லிவிடுகிறேன், உனக்கு அந்தக் கவலையும் வேண்டாம். படையைக் கலைக்க மட்டும் நினைக்காதே. இங்கே என்னை யாருக்கும் தெரியாது அம்பிகா. ஊரில் தௌசீப் பாய் படை என்று நாலு பேர் சொல்கிறார்கள், அந்த ஒன்றுதான் எனக்கு இருக்கிறது.

வருகிறதைப் பற்றி: பெரியவனுக்கு இங்கேயே காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. அவன் படிப்பு முடிய வேண்டும். அப்புறம் பார்க்கலாம். இந்த ஒரு வருஷம் மட்டும் பொறுத்துக்கொள்.

உன் அண்ணன்,
தௌசீப் அகமது


சத்துவாச்சாரி,
5 அக்டோபர் 2025

அன்புள்ள பாய்க்கு,

பெரியவனுக்குக் காலேஜ் கிடைத்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். நன்றாகப் படிக்கட்டும்.

போன வாரம் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினோம். நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மெஹக் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஆனால் ஒரு வருஷத்துக்குத்தான், வருஷா வருஷம் சீட்டுப் போட்டுத் தலைவரை மாற்ற வேண்டும் என்றாள். விழுந்தவர்கள் இனிமேல் யார் சொல்லுக்கும் காத்திருக்க வேண்டாம், கடைசியில் முரசு நின்றதும் தாங்களாக எழுந்திருக்கலாம், நடுவில் உடம்புக்கு முடியாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்றாள். காஷிஃபுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. "இதுக்கெல்லாம் தௌசீப் பாய் ஒத்துக்க மாட்டாரு" என்றார்கள். மெஹக் என்னைத் திரும்பிப் பார்த்து, "அவரு எங்க இருக்காரு?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். கான்பூரில் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

பீரோ சாவி இப்போது அவளிடம் இருக்கிறது. அவள் போன் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் ஜூலையில் வருவதாக இருந்தால் அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், வேஷம் தருவாள். வெள்ளைக்காரன் வேஷத்துக்கு எப்போதும் ஆள் தேவை.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குகிறேன். முதல் இரண்டு ஞாயிறு குற்ற உணர்ச்சியாக இருந்தது, இப்போது இல்லை.

ஒரு வேண்டுகோள். இனிமேல் படையைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம் பாய். நல்லதோ கெட்டதோ, மெஹக்குக்கு எழுதுங்கள். உங்களைப் பற்றி, சுகரா அக்காவைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி எழுதினால் அன்றைக்கே பதில் போடுவேன். கோபத்தில் சொல்லவில்லை. படை இல்லாமல் நமக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. ஒன்றும் இல்லை என்றாலும் பரவாயில்லை, தெரிந்துகொண்டால் போதும்.

என்றும் அன்புடன்,
அம்பிகா


கான்பூர்,
16 நவம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். அந்த மெஹக் பெண்ணுக்கு மூன்று தரம் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசுகிறாள், ஆனால் கேட்பதாக இல்லை. முரசு நின்றதும் ஆளுக்கு ஒரு நேரத்தில் எழுந்திருந்தால் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்காதா? நீ சொன்னால் கேட்பாள். ஒரே ஒரு தரம் சொல்லிப் பார். ஸ்பீக்கர் விஷயத்தையும் அவளிடம் எடுத்துச் சொல்.

உன் அண்ணன்,
தௌசீப் அகமது


கான்பூர்,
11 ஜனவரி 2026

அன்புத் தங்கை அம்பிகாவுக்கு,

நவம்பரில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். சுகராதான், தொலையவில்லை, நீங்கள் மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று உன் அக்டோபர் கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

நான் ஆம்பூருக்குத் திரும்பி வரப்போவதில்லை. கான்பூரிலேயே இருந்துவிடுவதென்று போன வருஷமே வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

என்னைப் பற்றி எழுதச் சொன்னாய். இங்கே குளிர் ஜாஸ்தி. காலையில் பனிமூட்டத்தில் கம்பெனி வாசலே தெரிவதில்லை. டாக்டர் எனக்கு பிரஷர் இருக்கிறது என்கிறார், உப்பைக் குறைத்திருக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்தால் பேசுவதற்கு ஆள் கிடையாது. டிவி பார்க்கிறேன். அவ்வளவுதான் அம்பிகா, அரைப் பக்கத்துக்குமேல் எனக்கு என்னைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

மிச்சப் பக்கத்தில் உன்னைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைத்தேன். உன் பையன் பேர் ஹேமந்த் என்பது தெரியும். அவன் இப்போது என்ன படிக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. சுகராவுக்குத் தெரிந்திருந்தது, சொல்ல வந்தாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

நீ எழுது.

தௌசீப்